றோஸ்மேரி கழற்றிய பிளக்

மாங்கேணி மீனவர் சங்கத்தின் செயலாளர் டொமினிக் தொலைபேசியில் கேட்டது சின்ன வேலைதான். மீன் வைக்கும் கூல் றூம் சூடேறினால், அதைப் பார்த்துக்கொள்ளும் றோஸ்மேரியின் போனுக்கு அழைப்புப் போகிறது. இனி அது தன்னுடைய போனுக்கு வரும்படி எண்ணை மாற்றிவிட வேண்டும். சுகந்தினி காரணம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். றோஸ்மேரி அக்காவுக்கு மறதி வந்துவிட்டது. அலுவலகச் சாவியைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவருடைய தாய்க்கும் இப்படித்தான் தொடங்கியது.

அந்த அழைப்பு ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் சுகந்தினி. மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்த ஒரு மாடி அறையில் தனியாக இருந்து புரோகிராம் எழுதுகிறவள். நாள் முழுக்க யாருடனும் பேசாமல் இருப்பது அவளுக்குச் சிரமமே இல்லை. ஆனால் அன்று போனை வைத்த பிறகு அந்த அறையின் அமைதி அவளுக்கு உவப்பாக இல்லை. ஆவணியில் கம்பியூட்டரும் றவுட்டருமான அந்தப் பெட்டிகளைப் பூட்டி இணைக்கப் போனபோது றோஸ்மேரி இடுப்பில் கை வைத்து நின்று சண்டை பிடித்தது நினைவுக்கு வந்தது. "இது என்னக் காவல் காக்கவா வந்திரிக்கு, இல்லாட்டி நான் இதக் காவல் காக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல், மேசையின் தூசியைத் தன் கையாலேயே துடைத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் அவர்.

நகரிலிருந்தபடியே சங்கத்தின் கம்பியூட்டருக்குள் போக முயன்றாள். மாங்கேணியில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

சங்கத்தின் அலுவலகம் ஒற்றை அறை. அதோடு ஒட்டியபடி கூல் றூம். டொமினிக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு நடந்ததை முழுதாகச் சொன்னார். போன கிழமை, இந்த மழைக்காலத்தின் முதல் இடி. பின்னேரம் வானம் கறுத்ததும் றோஸ்மேரி வழக்கப்படி றவுட்டரின் பிளக்கைக் கழற்றியிருக்கிறார். இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். முதல் முழக்கம் கேட்டதும் தொலைக்காட்சி, றவுட்டர், அன்ரெனா வயர், எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். கம்பியூட்டர் மட்டும் பெட்டகத்துக்குள் தன் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது; போனை அடிக்க அதற்கு றவுட்டர் தேவையில்லை, அதற்குள்ளேயே ஒரு சிம் அட்டை இருந்தது. அன்று இரவு கூல் றூமின் மோட்டார் நின்றுபோயிற்று. எந்தப் போனும் அடிக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது பாரையும் கணவாயும் அறுக்குளாவும் கொழும்பு லொறிக்கு ஏற்ற முடியாத நிலையில் இருந்தன.

"இடி ஓய்ஞ்சதும் திருப்பிப் போட்டன் எண்டுதான் முதல்ல சொன்னா," என்றார் டொமினிக். "காலையில வந்து பாக்கக்குள்ள பிளக் போட்டுத்தான் கிடந்த. ஆனா அவ எங்களுக்கு முந்தி வந்து, பதறிப்போய் எல்லாத்தையும் தொட்டிரிக்கா. அப்ப போட்டாவோ என்னவோ. நான் கம்பியூட்டர நிப்பாட்டி எழுப்பினன். எல்லாம் ஒழுங்கா வேலை செய்ஞ்ச. அப்ப என்ன நினைக்கிற தங்கச்சி?"

யாரும் ஒரு கடும் சொல்லும் சொல்லவில்லை என்று அவர் பலமுறை சொன்னார். இழப்பை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்களாம். வயசாகிறது, இனி ஓய்வெடுங்கள் அக்கா என்றார்களாம். சில நாள் கழித்து றோஸ்மேரியே வந்து, நான் போடாமல் விட்டிருப்பேன், எனக்கு நிச்சயமில்லை என்று சொல்லிச் சாவியை மேசையில் வைத்திருக்கிறார். அவருடைய தாய் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். றோஸ்மேரிதான் அவரைப் பராமரித்தார். அதனால் ஊருக்கும் அது புதிதல்ல, அவருக்கும் புதிதல்ல. இப்போது தம்பியின் மனைவி அஜந்தா அவரை அடுப்புப் பக்கமே விடுவதில்லையாம். நெருப்பை வைத்துவிட்டு மறந்தால் என்ன செய்வது?

சுகந்தினி அதை நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லை. எண்ணை மாற்றினாள். அழைப்பு டொமினிக்கின் போனுக்கு வருகிறதா என்று சோதித்துப் பார்த்தாள். வந்தது. வேலை முடிந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தேநீரை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது கடலின் பக்கமாக வானம் இருண்டது.

முதல் முழக்கத்துக்கே டொமினிக் எழும்பிப் போய் றவுட்டரின் பிளக்கைக் கழற்றினார். பேச்சை நிறுத்தவும் இல்லை, கையைப் பார்க்கவும் இல்லை. மூச்சு விடுவதைப் போல அது நடந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. இருவரும் சும்மா இருந்தார்கள். சுகந்தினிக்கு அது நன்றாகவே இருந்தது. இன்னொருவரோடு இருந்தும், பேச வேண்டிய கடமை இல்லாமல் இருக்கும் நேரங்கள் அவளுக்கு அதிகம் வாய்ப்பதில்லை. றோஸ்மேரியும் அன்று இப்படித்தான் இந்தக் கதிரையில் இருந்திருப்பார் என்று நினைத்தாள்.

மழை விட்டதும் டொமினிக் பிளக்கைத் திருப்பிப் போட்டார். பச்சை விளக்குகள் எரிந்தன. சுகந்தினி புறப்படுமுன் ஒருமுறை திரையைப் பார்த்தாள். கூல் றூமின் வெப்பநிலை காட்டும் வரிசையில் கடைசியாக வந்தது இடிக்கு முந்தியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கொஞ்சம் பொறுத்தாள். வரவில்லை. இன்னும் பொறுத்தாள்.

"வரயில்லையா?" என்றார் டொமினிக். "நிப்பாட்டி எழுப்பினாச் சரியாகும்."

வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். அவருடைய விரல் ஏற்கெனவே பொத்தானுக்குப் பக்கத்தில் போயிருந்தது.

கூல் றூமுக்குள் இருக்கும் வெப்பமானி தன் செய்திகளை றவுட்டர் வழியாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அவை கம்பியூட்டர்வரை வந்து சேர்வதையும் அவள் பார்த்தாள். அவளுடைய புரோகிராமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் செய்திகள் வந்து சேரும் இடத்தில் அது இருக்கவில்லை. வாங்குவாரில்லாமல் அவை விழுந்து போய்க்கொண்டிருந்தன.

தான் சி மொழியில் எழுதிய வரிகளைத் திறந்து மேலிருந்து வாசித்தாள். கம்பியூட்டருக்கு வரும் செய்தி எந்தப் புரோகிராமுக்கு உரியது என்று தெரிவதற்குப் போர்ட் என்று ஒரு எண் உண்டு. அந்த வெப்பமானி 514 என்ற போர்ட்டுக்கு மட்டுமே அனுப்பும். செய்தவர்கள் அப்படிச் செய்து விட்டார்கள், மாற்ற வழியில்லை. 1024க்குக் கீழே இருக்கும் போர்ட்டுகளைச் சாதாரணப் பயனரின் பெயரில் ஓடும் புரோகிராம் பிடிக்க முடியாது. றூட் என்ற முழு அதிகாரம் உள்ள பெயரில் ஓடினால்தான் பிடிக்கலாம். ஆனால் முழு அதிகாரத்தோடு ஒரு புரோகிராமை இரவும் பகலும் விட்டுவைப்பது ஆபத்து. அதிலே ஒரு பிழை இருந்தால், அதன் வழியாக உள்ளே வருகிறவனுக்குக் கம்பியூட்டரே சொந்தமாகிவிடும். ஆகவே அவள் முறைப்படி எழுதியிருந்தாள். புரோகிராம் றூட்டாக எழும்பும். 514ஐப் பிடிக்கும். பிடித்த உடனே அதிகாரத்தைக் கைவிட்டுச் சாதாரணப் பயனராக இறங்கிவிடும். இறங்கிய பிறகு திரும்ப ஏற முடியாது. பிடித்த போர்ட் மட்டும் கையில் இருக்கும், அது போதும்.

அதுவரை சரி. கீழே இன்னொரு பகுதி இருந்தது. சில நிமிடங்களுக்குச் செய்தி எதுவும் வராவிட்டால், ஏதோ இணைப்பு கெட்டுவிட்டது என்று எடுத்து, கையிலிருக்கும் போர்ட்டை விட்டுவிட்டுப் புதிதாகப் பிடிக்கும் பகுதி. அதை அவள் தன் அறையில் நன்றாகச் சோதித்திருந்தாள். அப்போது புரோகிராம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை றூட்டாகவே ஓடியது. விட்டது, பிடித்தது, பிழையில்லை. அதிகாரத்தைக் கைவிடும் இரண்டு வரிகளைக் கடைசியாகத்தான் சேர்த்தாள், மனநிறைவோடு. சேர்த்த பிறகு அந்தப் பகுதியை அவள் மறுபடி சோதிக்கவில்லை. நகரத்து அறையில் செய்திகள் நிற்கவே இல்லை.

இங்கே இடி முழங்கியது. பிளக் கழற்றப்பட்டது. செய்திகள் நின்றன. புரோகிராம் தன் கையிலிருந்த 514ஐத் தானாகவே விட்டது. திரும்பப் பிடிக்கப் போனபோது, உனக்கு அனுமதி இல்லை என்று கம்பியூட்டர் சொல்லிவிட்டது. அது மறுபடி கேட்டது. மறுபடியும் அனுமதி இல்லை. அந்த மறுப்பு எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதி வைக்கும்படி அவள் சொல்லியிருக்கவில்லை. பிளக்கைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். நிறுத்தி எழுப்பினால் மட்டும் புரோகிராம் மறுபடி றூட்டாக எழும்பும், போர்ட்டைப் பிடிக்கும், எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தெரியும்.

அவளைக் கூடுதலாக உறுத்தியது இன்னொன்று. செய்தி வராத நேரத்தில் போர்ட்டைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தாலும், கூல் றூம் நலமாக இருக்கிறது என்றே அந்தப் புரோகிராம் எடுத்துக்கொண்டிருந்தது. வெப்பம் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால்தான் அது போனை அடிக்கும். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்குக் கவலை இல்லை. அப்படி எழுதும்போது அதில் ஒரு பிழையும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் தானும் அப்படித்தானே. யாராவது பேசாமல் இருந்தால், அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவாள்.

டொமினிக் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். அவள் சொன்னாள். போர்ட், அதிகாரம் எல்லாம் சொல்லவில்லை. இடிக்குப் பிளக்கைக் கழற்றினால், பிறகு திருப்பிப் போட்டாலும் இது எழும்பாது. பிழை நான் எழுதியதில் இருக்கிறது. றோஸ்மேரி அன்ரி அன்று பிளக்கைப் போட்டிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்றாள்.

டொமினிக் வாசலில் போய் நின்று நனைந்த மணலைப் பார்த்தார்.

"நாங்க அவவ ஏசவே இல்லையே," என்றார் கடைசியில்.

"ஏசியிருந்தா அவ சண்டை பிடிச்சிருப்பா அண்ணன். சண்டை பிடிச்சிருந்தா நீங்க என்னக் கூப்பிட்டுக் கேட்டிருப்பீங்க."

அவர் கோபப்படவில்லை. திருத்திவிட்டுப் போகலாமே என்று மட்டும் கேட்டார். அவளுக்கும் அந்த எண்ணம் வந்து போயிருந்தது. சில வரிகளை மாற்றினால் போதும், மாலை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். திருத்துவதற்கு முன் அன்ரி பார்க்க வேண்டும் என்றாள் சுகந்தினி. திருத்திய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

றோஸ்மேரியின் வீடு கோவிலுக்குப் பின்னால். முற்றத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. அவர் வாசலில் ஒரு கதிரையில் சும்மா இருந்தார். கையில் வேலை ஒன்றும் இல்லாமல் அவரைப் பார்ப்பது விநோதமாக இருந்தது. அஜந்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, மச்சாளைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

சுகந்தினி தன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.

"தெரியும் மகள்," என்றார் றோஸ்மேரி. "பெட்டி பூட்டின புள்ள. எல்லாரும் இப்ப என்னட்டப் பேரச் சொல்லிக்கிட்டுத்தான் வாறாங்க. நேத்து சாமியாரும் சொல்றார், நான் சாமியார் எண்டு. அங்கி போட்டிரிக்கிறார், தெரியாதா?"

சுகந்தினிக்குச் சிரிப்பு வந்தது. றோஸ்மேரி சிரிக்கவில்லை.

அவள் பக்கத்தில் இருந்து, நடந்ததைச் சொன்னாள். றோஸ்மேரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். முடிந்ததும், நீ நல்ல பிள்ளை, அதனால் சொல்கிறாய் என்றார். டொமினிக் சொல்லி அனுப்பினாரா என்று கேட்டார். ஊரில் எல்லாரும் இப்போது அவருக்கு ஆறுதல் சொல்கிறார்களாம். இதுவும் ஒரு ஆறுதல்தான் என்பது அவருடைய எண்ணம்.

பிறகு அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். தாய் ஒருநாள், உன்னுடைய அப்பா வந்து போனார் என்றாராம். அப்பா செத்து எத்தனையோ வருடம். என்ன சேட்டுப் போட்டிருந்தார், எந்தக் கதவால் வந்தார், தண்ணீர் கேட்டார், செம்பில் கொடுத்தேன், குடித்துவிட்டு மிச்சத்தை மரத்தடியில் ஊற்றினார் என்று ஒன்று விடாமல் சொன்னாராம். "பொய் சொல்ற ஆளில்ல எங்கட அம்மா. கண்டதத்தான் சொன்னா. அதுதான் எனக்குப் பயம் மகள். நான் பிளக்கப் போட்டது எனக்கும் அப்பிடித்தான் தெரியிது. வடிவாத் தெரியிது. வடிவாத் தெரியிறதால நம்ப ஏலாம இரிக்கு."

  சுகந்தினி எழும்பினாள்.

"வாங்க அன்ரி. என்ன நம்ப வேணாம். வந்து பாருங்க."

அஜந்தா குடையோடு கூடவே வந்தாள். அலுவலகத்தில் டொமினிக் கதிரையிலிருந்து எழும்பி நின்றார். றோஸ்மேரி அவரைப் பார்க்கவில்லை. சுகந்தினி கம்பியூட்டரை நிறுத்தி எழுப்பினாள். வெப்பநிலை திரையில் வரத் தொடங்கியது. ஒவ்வொரு முறை வரும்போதும் திரையின் அடியில் ஒரு புதிய வரி சேர்ந்தது.

"இப்ப நீங்க கழட்டுங்க," என்றாள்.

றோஸ்மேரி தயங்கினார். பிறகு போய்ப் பிளக்கைக் கழற்றினார். வரிகள் நின்றன. காத்திருந்தார்கள். அஜந்தா குடையை மடித்துக் கையில் பிடித்தபடி, இது என்ன விளையாட்டு என்பதுபோல ஒவ்வொருவரையும் பார்த்தாள். வெளியே பாண் விற்கும் ஓட்டோ ஒன்று பாட்டோடு வந்து, நிற்காமல் போனது.

"இப்பப் போடுங்க."

போட்டார். விளக்குகள் எரிந்தன. திரையில் ஒன்றும் வரவில்லை. றோஸ்மேரி பிளக்கை விரலால் அமர்த்திப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். தன் கையை அந்தப் பிளக்கிலிருந்து எடுக்காமலே நின்றார். அவருடைய கை பிளக்கில் இருக்கிறது, பிளக் சுவரில் இருக்கிறது, திரை வெறுமையாக இருக்கிறது; நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் போட்டிட்டன்," என்றார் அஜந்தாவைப் பார்த்து.

"ஓம் மச்சாள். நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறன்."

"வரயில்ல."

"வரயில்லத்தான்."

இன்னொருமுறை செய்யச் சொன்னார். சுகந்தினி மறுபடி நிறுத்தி எழுப்பினாள். மறுபடி கழற்றினார், காத்திருந்தார், போட்டார். இரண்டாம் முறையும் அதேதான். டொமினிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். றோஸ்மேரி அவரைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டார். ஆவணியில் சுகந்தினி கண்ட அதே பார்வைதான் அது. டொமினிக் தலையைக் குனிந்தபோது அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அப்ப எனக்கு மறதி இல்லையா மகள்?"

இதை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த அறையில் ஏற்கெனவே எல்லாரும் நல்லதைச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

"அது எனக்குத் தெரியாது அன்ரி. அண்டைக்கு இது கேளாமப் போனதுக்குக் காரணம் என்ர பிழை. நீங்க பிளக்கப் போட்டன் எண்டு சொன்னதப் பொய் எண்டு காட்ட இஞ்ச ஒண்டும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

றோஸ்மேரி மெல்லத் தலையாட்டினார். சுகந்தினி கதிரையை விட்டு எழும்ப, அவர் அதில் இருந்தார். பிறகு சுகந்தினி நின்றபடியே திருத்தினாள். எத்தனை நேரம் செய்தி வராவிட்டாலும் பிடித்த போர்ட்டை இனி விடக்கூடாது. செய்தி வராவிட்டால், அதற்கும் போன் அடிக்க வேண்டும். எழுதி முடித்து ஓடவிட்டதும், சொல்லாமலே றோஸ்மேரி எழும்பிப் போய்ப் பிளக்கைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் டொமினிக்கின் சட்டைப் பையில் போன் அடித்தது. எல்லாரும் திடுக்கிட்டார்கள். பிளக்கைப் போட்டார். வரிகள் வந்தன.

யாருடைய போனுக்கு அழைப்புப் போக வேண்டும் என்று சுகந்தினி கேட்டாள். டொமினிக் றோஸ்மேரியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் போகட்டும் என்றார் றோஸ்மேரி. யாரோ ஒருவர் மறந்தாலும் மற்றவர் இருப்பார் என்று சொல்லிவிட்டு, அது யார் என்று சொல்லாமல் விட்டார்.

மாலை பஸ்ஸுக்கு நேரமாயிற்று. சுகந்தினி பையை எடுத்தாள். றோஸ்மேரி அவளுடைய கையைப் பிடித்தார்.

"அண்டைக்குக் கை ஈரமா இருந்த," என்றார். "வாளியில மழைத்தண்ணி எடுத்து வைச்சிட்டு வந்த நான். ஈரக் கையோட பிளக்கத் தொட்டாச் சொக் அடிக்குமெண்டு, சீலைத் தலைப்பில துடைச்சன். துடைச்சிட்டுத்தான் போட்டன். இத நான் ஒருத்தருக்கும் சொல்லயில்ல."

சுகந்தினி பையைக் கீழே வைத்தாள். மாலை பஸ் போனாலும் பரவாயில்லை, வழியிலுள்ள ஓட்டமாவடி வரைக்காவது பிறகு ஒன்று வரும்.

றோஸ்மேரி அந்தப் பின்னேரத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். கதவுக்குள் தண்ணீர் வந்தது, பழைய சாக்கைப் போட்டு அடைத்தது, ஒரு தவளை மேசைக்குக் கீழே வந்து இருந்தது, அதைக் கூட்டும் தும்புத்தடியால் வெளியே தள்ளியது, பிறகு சாவியைப் பூட்டில் இரண்டு தரம் திருப்பியது. ஒன்றும் விடாமல் சொன்னார். அஜந்தா வாசற்படியில் இருந்து கேட்டாள். நடுவில் ஓரிடத்தில் அவர் நின்று யோசித்தார். தவளை முதலா, சாக்கு முதலா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார்கள். பிறகு அவர், எது முதலாக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு சொன்னார்.